முக்திநாத் மலையில் கஞ்சி போட்ட கூடாரம்

நேபாளத்திலிருந்து ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. பிள்ளையார்பாளையத்தில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில், "முக்திநாத்துல தரிசனம் நல்லா ஆச்சா சார்?" என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "இன்னான்னா எடுத்துக்கினு போனீங்க?" அடுத்த வருஷம் போக ஆசைப்படுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஆகவே எந்தச் சாமான் எங்களைக் காப்பாற்றியது, எது உயிரை வாங்கியது என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். 1977ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதால் தேதி தவறாது. அபிப்பிராயம் தவறலாம்.

போனவர்கள் மூன்று பேர். நான் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். இமயமலையை இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து வரைந்து அழித்தவன். ஏகாம்பரம் பட்டு நெசவாளர், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வரதம்மா அவர் மனைவி. சின்ன காஞ்சிபுரத்துப் பெண். பெரிய காஞ்சிபுரத்துச் சிவன் பெயரை வைத்துக்கொண்டவரும் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் பெயரை வைத்துக்கொண்டவரும் ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக வாதாடி வருகிறார்கள். தீர்ப்பு பெரும்பாலும் பெருமாள் பக்கம்தான்.

இந்தப் பயணமும் வரதம்மாவின் வேண்டுதலால் வந்தது. போன வருஷம் ஏகாம்பரத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. சரிகை எது பட்டு எது என்று தெரியாமல் தறியை விட்டு எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். சித்திரையில் சென்னையில் ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று வரதம்மா வேண்டிக்கொண்டார்: "இதுக்குக் கண்ணு வரட்டும். வந்து இது கையால நெய்யற மொதல் துணி உனக்குத்தான். கோடியா, நானே நடந்து வந்து சாத்தறேன்." கோடி என்றால் யாரும் உடுத்தாத புதுத்துணி. தாயார் வீட்டில் கதையாகக் கேட்டிருந்த மிகத் தூரமான பெருமாள் முக்திநாத்தில் இருப்பவர் என்பதால் அவர் பெயர்தான் அந்த நேரத்தில் வாயில் வந்ததாம். "பக்கத்துல கீற சாமியா பார்த்து வேண்டிக்க மாட்டியா?" என்று ஏகாம்பரம் இன்றுவரை கேட்கிறார்.

அப்படி நெய்யப்பட்டது எட்டு முழப் பட்டு வேட்டி ஒன்று. மாம்பழ நிறம், அரக்குக் கரை. ஆவணி மூன்றாம் தேதி தறியிலிருந்து இறங்கியது. மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு பையில் போட்டு, பையின் கயிற்றை வரதம்மா தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். காஞ்சிபுரத்தில் கட்டியது முக்திநாத்தில்தான் அவிழும் என்றார்.

கூடாரம் வேண்டும் என்றது நான். நான் படித்த மலையேற்றப் புத்தகங்களில் கூடாரம் இல்லாமல் ஒருவரும் இமயமலைக்குப் போகவில்லை. தடித்த பருத்தித் துணியை ஏகாம்பரமே நெய்து கொடுத்தார். அதில் ஒரு ரகசியம் இருந்தது. நிரந்தரக் கண்ணாடி வரும்வரை தறியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரதம்மா அதற்குச் சத்தியமும் வாங்கியிருந்தார். ஆனால் ஆனி மாதம் வரதம்மா தன் மகளின் பிரசவத்துக்காக ஆரணியில் இருந்தார். ஏகாம்பரத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. தற்காலிகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பங்காளி வீட்டுப் பருத்தித் தறியில் உட்கார்ந்துவிட்டார். துணியை என்னிடம் கொடுத்தபோது இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "ஒரு பழுது கெடையாது சார்," என்றார். அடுத்த மூச்சில், "வரதாகிட்ட மட்டும் சொல்லிடாத. கூரத்துல கீற மச்சான் நெஞ்சதுன்னு சொல்லிக்கிறேன்," என்றார். நானும் சரி என்றேன். துணி கைக்கு வந்த தேதியை மட்டும் வழக்கம்போலச் சாமான் பட்டியலில் குறித்துக்கொண்டேன்.

ஆரணியிலிருந்து திரும்பிய வரதம்மா கோணி ஊசியால் கூடாரத்தைத் தைத்தார். பிறகு ஏகாம்பரம் ஒரு காரியம் செய்தார். பாவு தோய்வதற்கு, அதாவது தறியில் ஏற்றும் நூலுக்குக் கஞ்சி ஊட்டுவதற்குத் தெருவில் அதை நீட்டிக் கட்டுவதுபோல, விடியற்காலையில் கூடாரத்தை நீட்டிக் கட்டி, கெட்டியான அரிசிக் கஞ்சியை இரண்டு பக்கமும் புருசால் இழுத்து இழுத்துப் பூசினார். "கஞ்சி குடிச்ச துணி வெறைப்பா நிக்கும் சார். தண்ணி எறங்காது," என்றார். காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தேன். தகரம்போல ஒலித்தது. எங்கள் தெருவில் கஞ்சி போடாத துணியை யாரும் துணி என்று ஒத்துக்கொள்வதில்லை. எனக்கும் அதில் தவறு தெரியவில்லை.

புரட்டாசியில் ஓரிக்கைக்குப் பக்கத்தில் பாலாற்று மணலில் ஒத்திகை பார்த்தோம். சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்கிறவரிடம் வாங்கிய தூக்கப் பைக்குள் நான் புகுந்துகொண்டேன். அதன் ஜிப் கழுத்துவரை நன்றாக ஏறியது; விடிந்த பிறகு இறங்க மறுத்தது. கூழ் கொண்டுவந்த வரதம்மா என்னைக் கண்டு நின்றுவிட்டார். "இன்னா சார் இது, ஆளையும் வெச்சித் தெச்சிட்டானுங்களா?" என்று சொல்லி, ஊசியால் நெம்பி என்னை வெளியே எடுத்தார். கூடாரத்தின் மேல் வரிசை வரிசையாக எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. ஆற்று மணல் என்றால் எறும்பு இருக்கும்தானே என்று பேசிக்கொண்டோம்.

ரயிலில் முதல் மூன்று நாளும் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் இலை போட்டு அவித்தது. மிளகும் சுக்கும் போட்டதால் கெடவில்லை. பிடித்த சாமான்களில் முதல் பரிசை அப்போதே குடலைக்குக் கொடுத்திருப்பேன். பம்ப் ஸ்டவ் எங்களை அங்கேயே கைவிட்டது. மண்ணெண்ணெய் கசிந்து பருப்புப் பொடிப் பொட்டலத்தில் இறங்கிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த பீகார்ப் பெரியவர், வாசனையை வைத்து அது மூட்டுவலித் தைலம் என்று நினைத்து முழங்காலுக்குக் கொஞ்சம் கேட்டார். கொடுத்தோம். இறங்கும்போது வலி குறைந்திருப்பதாகச் சொல்லி வாழ்த்தினார்.

பொக்ராவுக்குப் போன பஸ்ஸின் கூரையில் எங்கள் சாமான்களோடு ஒன்பது ஆடுகளும் ஏறின. தசராவுக்கு விற்றது போக மீந்த ஆடுகளாம். இறங்கியபோது தூக்கப் பையையும் மழைக்கோட்டையும் ஆடுகள் தொடவே இல்லை. கூடார மூட்டையின் ஒரு முனை மட்டும் ஈரமாகக் கசங்கியிருந்தது. "நம்ப சாமானாப் பார்த்துத் தின்னுது பாரு, ஊர் விட்டு ஊர் வந்தவங்கன்னு தெரிஞ்சிபோச்சி அதுக்கு," என்றார் ஏகாம்பரம்.

ஐப்பசி ஐந்தாம் தேதி நடக்கத் தொடங்கினோம். கூலிக்கு அமர்ந்தவர் பீர் பகதூர். ஐம்பது வயது, பழைய சிப்பாய், இந்தி தெரிந்தவர். ஊரெல்லாம் இந்தி எதிர்ப்பு நடந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு படித்த இந்தி இங்கே உதவிற்று. அவர் முதுகில் மூங்கில் கூடை. கூடையைத் தாங்குகிற பட்டை நெற்றியில். என் ராணுவ முதுகுப் பையைக் கூடைக்குள் வைக்கச் சொன்னார். நான் மறுத்தேன். அந்தப் பையில் ஏழு வார், நாலு கொக்கி, மூன்று ஜேப்பு. எந்த ஜேப்பில் எது இருக்கிறது என்று பட்டியல் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு வார் அறுந்தது. பீர் பகதூர் திரும்பிப் பார்த்து, "பட்டியல் அறுந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

காலுக்கு நான் கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தேன். ஏகாம்பரம் டயர் செருப்பு. வரதம்மா வெறுங்கால். மாலையில் கொப்புளம் கண்டது ஒருவருக்குத்தான். யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், பருவம் தப்பிய ஒரு மழை பிடித்தது. "நம்ப கூடாரம் இருக்குதே!" என்று ஏகாம்பரம் உற்சாகமாக முளை அடித்தார். மூன்று பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் தகரக் கொட்டகைபோலச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் மெத்தென்று ஆனது. பிறகு என் வழுக்கையில் ஏதோ வழவழவென்று சொட்டியது. தொட்டு முகர்ந்தேன். எங்கள் தெருவின் விடியற்கால வாசனை.

"கஞ்சி," என்றேன்.

"உப்பு இருந்தா குடிச்சிடலாம்," என்றார் வரதம்மா. "தண்ணி எறங்காதுன்னியே, இன்னாயா?"

"தண்ணி எறங்கல வரதா. கஞ்சிதான் எறங்குது."

அரை மணியில் கூடாரம் நனைந்த அப்பளம்போல எங்கள் மேல் படிந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துச் சத்திரத்துக்கு ஓடினோம். அங்கே வீட்டுக்கார அம்மாள் பருப்பும் சோறும் போட்டார். வழி நெடுக எல்லா வீட்டிலும் அதே பருப்பு, அதே சோறு, கேட்காமலே இரண்டாம் முறை. மேலே போகப்போகச் சோறு மறைந்து, கறுத்த மாவில் கிளறிய களி வந்தது. "கேவுரு களிக்கு அக்கா மாதிரி இருக்குது," என்று வரதம்மா இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டார். வெண்ணெயும் உப்பும் போட்ட டீயை ஏகாம்பரம் ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இது டீ இல்ல சார். டீத்தூள் போட்ட ரசம்," என்று முடிவு சொன்னார்.

மூன்றாம் நாள் படிக்கட்டு. மலையின் அடியிலிருந்து உச்சிவரை கல்படிதான். நான் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று 'காட்சியை' ரசித்தேன். குழித்தறியில் முப்பது வருஷம் மிதியை மாற்றி மாற்றி மிதித்த ஏகாம்பரத்தின் கால்கள் நிற்கவே இல்லை. "மிதி ஏறு, மிதி எறங்கு, அவ்ளோதான் சார்," என்றார். அவருடைய தடித்த கண்ணாடி வியர்வையில் வழுக்கும். வரதம்மா நாலு புரி பட்டு நூலை முறுக்கி, காதுக்குக் காது இழுத்துப் பின்மண்டையில் கட்டிவிட்டார். பயணம் முழுவதும் ஒருமுறைகூட அந்தக் கண்ணாடி விழவில்லை. கொண்டுபோன கருவிகளில் மிக எளியதும் மிக உயர்ந்ததும் அந்த நூல்தான் என்று அன்று எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாள் வெந்நீர் ஊற்று இருக்கிற கிராமத்தில் சத்திரம் நிறைந்துவிட்டது. ஆகவே, காய்ந்து பழையபடி விறைத்துவிட்ட கூடாரத்தை மறுபடி அடித்தோம். பொழுது விடியும்போது மணிச் சத்தம் கேட்டு விழித்தேன். கால்மாட்டில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அந்த வெளிச்சத்தின் வழியாக, நெற்றியில் சிவப்புக் குஞ்சலம் கட்டிய ஒரு கோவேறு கழுதையின் முகம் உள்ளே வந்திருந்தது. கண்ணை மூடி, அமைதியாக மென்றுகொண்டிருந்தது. வெளியே இன்னும் இரண்டு, ஆளுக்கொரு பக்கம்.

எறும்பும் ஆடும் அந்த நொடியில்தான் எனக்கு விளங்கின.

கழுதைக்காரரிடம் என் இந்தியில் சண்டைக்குப் போனேன். அவர் துணியை நக்கிப் பார்த்தார். பீர் பகதூர் பதிலை எனக்கு மொழிபெயர்த்தார்: "வீட்டுச் சுவரில் சோற்றைப் பூசிவிட்டு, கழுதையைக் குறை சொல்கிறீர்களே? நாளைக்கு இன்னொரு வீடு கட்டுங்கள், என்னிடம் இன்னும் பதினாறு இருக்கின்றன."

வரதம்மா சிரித்துச் சிரித்து இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கூரத்து மச்சான் நெஞ்ச துணி நேபாளத்துக் கழுதைக்கு விருந்து. எங்க பெருமாள் துணி மட்டும் பத்திரமா இருக்குது, பாத்தியா!" ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

கூடாரத்தில் ஒரு பக்கம் முழுசாகத் தப்பியிருந்தது. எறிய மனசில்லாமல் அதைச் சுருட்டி பீர் பகதூரின் கூடையில் போட்டோம்.

ஆறாம் நாள், காளி கண்டகி ஆற்றின் அகலமான படுகை. பாலாற்றில் மணல் இருக்கும் இடத்தில் இங்கே உருண்டைக் கல். நடுநடுவே வாய்க்கால் வாய்க்காலாகப் பனித் தண்ணீர். பகல் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எழும் என்று படித்திருந்தேன். படித்ததை மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அது ஆளைத் தூக்கும் என்று புத்தகத்தில் இல்லை. "சீக்கிரம் போய்விட வேண்டும்" என்று பீர் பகதூர் கம்பளிகளோடு முன்னே போய்விட்டார். குளிருக்கு நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன். ரப்பர் பூசிய அந்த ராணுவக் கோட்டுக்குள் காற்று புகுந்தது. ஒரு வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தவனைப் பட்டம்போல இழுத்துத் தண்ணீரில் போட்டது. பிடிக்காத சாமான்களில் முதல் இடம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

ஏகாம்பரம் என் காலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். முதுகுப் பையும் தூக்கப் பையும் ஊறிப்போயின. காற்று நிற்கவில்லை. முதலில் நடுங்கினேன், அது பரவாயில்லை. பிறகு நடுக்கம் நின்று தூக்கம் வந்தது. நன்றாக இருந்தது. "சார் பேச்சு கொழறுது," என்று ஏகாம்பரம் சொல்வது தூரத்தில் கேட்டது. என்னை ஒரு பாறை மறைவுக்கு இழுத்துப்போய் ஈரத் துணியைக் கழற்றினார். அவருடைய சட்டையை எனக்குப் போட்டார். போதவில்லை.

வரதம்மா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

"வேணாம்மா. கோடி..." என்றேன். அல்லது சொன்னதாக நினைத்தேன்.

"வாய மூடு சார். பல்லு அடிக்கிற சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

எட்டு முழத்தையும் பிரித்து, மார்பில் இரண்டு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று, மீதியைத் தலையில் முண்டாசாகச் சுற்றினார். பட்டு முதலில் சில்லென்றது. பத்து மூச்சு விடுவதற்குள் வெதுவெதுவென்று ஆனது. இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளில் என்னைத் தாங்கி, அடுத்த கிராமத்தின் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். உப்பு டீ மூன்று கிண்ணம் குடித்தேன். ரசமென்று அதைப் பழித்தவரே எனக்கு ஊட்டினார்.

நாட்குறிப்பில் அந்தத் தேதி காலியாக இருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் காலியான ஒரே நாள்.

மறுநாள் எனக்கு ஓய்வு. வரதம்மா அந்த வேட்டியை வெயிலில் காயப்போட்டிருந்தார். அரக்குக் கரையில் ஆற்றுச் சேறு, என் வியர்வை, ஒரு ஓரத்தில் டீ. அவர் அழவில்லை. குறையும் சொல்லவில்லை. எதிர்வாதம் கிடைக்காமல் ஏகாம்பரம் தவித்துப்போனார்.

"ஊருக்குப் போயி வேற ஒண்ணு நெய்யறேன் வரதா. இதவிட அகலக் கரை வெச்சி."

"வேற ஒண்ணு மொதல் துணி ஆவுமா?"

வேட்டியை உதறித் திருப்பிப் போட்டுக்கொண்டே வரதம்மா சொன்னார்: "வெறுங்கையோட போயி நிக்கறேன். இன்னா கேக்கும், கேக்கட்டும். கண்ண குடுத்தது, திருப்பி எடுத்துக்காம இருந்தா சரி." அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பயத்தை என் உடம்பில் சுற்றிக்கொண்டு நான் சுகமாகத் தூங்கியிருக்கிறேன்.

செய்வதறியாமல் நாட்குறிப்பை அடுப்படியில் உலர்த்த உட்கார்ந்தேன். மை கலங்கினாலும் எழுத்து தெரிந்தது. பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் புரட்டும்போது சாமான் பட்டியல் வந்தது. கூடாரத் துணி, கைக்கு வந்தது, ஆனி 9. கீழே பத்து வரி தள்ளி: பட்டு வேட்டி, ஆவணி 3.

இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனிக்குப் பிறகுதான் ஆடி. அதற்குப் பிறகுதான் ஆவணி. பூகோள வாத்தியாருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஏகாம்பரத்துக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே. எதிரில் உட்கார்ந்திருந்த அவரிடம் நோட்டை நீட்டி, விரலால் இரண்டு தேதியையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். காது சிவந்தது. நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"வரதா, நான் ஒண்ணு சொல்றேன். திட்டறதா இருந்தா ஊருக்குப் போயி திட்டு."

சொன்னார். டாக்டர், தற்காலிகக் கண்ணாடி, பங்காளி வீட்டுத் தறி, எல்லாம். "அது துணியே இல்ல, சும்மா கண்ணு வேல செய்யுதான்னு பார்த்ததுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஆனா உறுத்திக்கினேதான் இருந்தது."

வரதம்மா எழுந்து நின்றார். ஊருக்குப் போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. சத்தியம் பண்ணின கை எது, தறிப் பக்கமே போகவில்லை என்று ஆரணிக்குக் கடிதம் எழுதின கை எது, கூரத்து மச்சானை இழுத்த வாய் எது என்று ஒவ்வொன்றாக விசாரணை நடந்தது. மொழி புரியாத வீட்டுக்கார அம்மாள்கூட வரதம்மா பக்கம் தலையாட்டினார். விசாரணை முடிகிற சமயத்தில், அவரே நின்றார். "அப்போ கழுத தின்னது?" என்றார். "பெருமாளோட துணியவா தின்னுது? அதுக்குக் கீழேயா நாம காலை நீட்டிக்கினு தூங்கினோம்?"

"யாரும் உடுத்தவில்லையே," என்றேன் மெதுவாக. "மேலே கட்டியிருந்தோம், அவ்வளவுதான்."

வரதம்மா யோசித்தார். கோயிலில் சாமிக்கு மேலே துணி கட்டுவார்கள், மேற்கட்டி என்போம். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் பார்வை கூரைப் பக்கம் போயிற்று. பீர் பகதூரின் கூடையிலிருந்து சுருட்டி வைத்த துணியை எடுத்துவந்து, கிழிந்த பக்கத்தை வெட்டி எறிந்து, தப்பிய பக்கத்தை முழம் போட்டார். ஐந்து முழம் தேறியது. கோணி ஊசியால் ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தார். பிடித்த சாமான்கள் பட்டியலில் கோணி ஊசியை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் கேட்கிறவர்கள் அவர் தைத்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் இடம் பட்டு வேட்டிக்கு. நீளம் எட்டு முழம், எடை ஒன்றுமில்லை, மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். ராணுவத்தார் தைத்த எதுவும் அதற்கு ஈடில்லை. "ஆளு கட்டின துணி ஆளுக்குத்தான்," என்று வரதம்மா அதை எனக்கே கொடுத்துவிட்டார். டீக் கறை போகவில்லை.

ஒன்பதாம் நாள் காலை முக்திநாத். கோயிலைச் சுற்றி நூற்றெட்டுத் தாரைகளில் பனித் தண்ணீர் விழுகிறது. நானும் ஏகாம்பரமும் நனைந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வேகத்தில் ஓடி முடித்தோம். வரதம்மா ஒவ்வொன்றிலும் நின்றார். ஒவ்வொன்றிலும் அந்தத் துணியையும் பிடித்தார். நூற்றெட்டாவது தாரையில் துணியிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வடிந்தது. மிஞ்சியிருந்த கஞ்சி அங்கே கரைந்து போனது.

பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம்; சன்னிதியைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வயதான பிக்குணி. துணியை வாங்கி, பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்தார். சேலையா, போர்வையா என்றெல்லாம் கேட்கவில்லை. நடைமுறை தெரிந்தவர். "உள்ளே வைத்தால் எலி கடித்துவிடும். வெளியே மேலே கட்டு," என்றார். ஏற்கெனவே ஒரு கழுதை கடித்தது என்பதை பீர் பகதூர் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

வாசலுக்கு எதிரில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு. அதில் ஏற்கெனவே பல நிறத்தில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. பீர் பகதூர் ஏறிக் கட்டினார். ஈரம் காயக் காய துணி மெல்லக் காற்றை வாங்கியது. கஞ்சி போன துணியை எங்கள் தெருவில் நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு மெத்தென்று அசைந்தது. படியில் உட்கார்ந்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பது அடி தூரம் இருக்கும். மணி ஒன்பது பத்து.

"இந்தா வரதா," என்றார் ஏகாம்பரம் திடீரென்று. "மேலேர்ந்து மூணாவது முழத்துல பாரு. இழை விட்டுப்போயிருக்குது."

நான் பார்த்தேன். எனக்கு ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. ஆனி மாதம் இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, பழுது இல்லை என்று சொன்னவர் இவர்தான்.

வரதம்மா துணியைப் பார்த்தார். கணவரின் கண்ணாடியைப் பார்த்தார். "இங்கேர்ந்தா தெரியுது உனக்கு?"

"தெரியுதே."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

அவர் எழுந்து மரத்தடிக்குப் போனார். நுனிக்காலில் நின்று, துணியைக் கீழே இழுத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. துணியை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுதான்," என்றார்.